செல்கள் உதிர்க்கும் நுண்பைகளும் புற்றுநோயும்: வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோய் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குப் பரவுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, செல்கள் வெளியே விடும் ‘எக்ஸோசோம்’ முதலிய நுண்பைகளை ஒரு பத்தியில் மட்டும் தொட்டுச் சென்றிருந்தோம். அந்தப் பத்தியைப் பற்றித்தான் அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இந்த நுண்பைகள் உண்மையில் என்ன? புற்றுநோய்ச் செல்கள் மட்டும்தான் இவற்றை உண்டாக்குகின்றனவா?

பதில்: இல்லை. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும், உடல்நலத்தோடு இருக்கும்போதும், இவற்றை ஓயாமல் வெளியேற்றுகின்றன. இரத்தம், சிறுநீர், உமிழ்நீர், தாய்ப்பால், மூளைத் தண்டுவட நீர் என எந்தத் திரவத்தை எடுத்தாலும் அதில் இவை உண்டு. ஒவ்வொன்றும் கொழுப்புப் படலத்தால் மூடப்பட்ட மிகச் சிறிய பை. உள்ளே அதை வெளிவிட்ட செல்லின் புரதங்கள், ஆர்.என்.ஏ. துண்டுகள், சில வேளைகளில் டி.என்.ஏ. துண்டுகள் இருக்கும். உட்கரு கிடையாது, ஆகவே தானாகப் பெருகவும் முடியாது.

இவை உருவாகும் வழிகள் முக்கியமாக இரண்டு. முதல் வழியில், செல்லுக்குள் இருக்கும் எண்டோசோம் என்ற அறையின் சுவர் உட்புறமாகக் குழிந்து, அந்த அறைக்குள்ளேயே பல சிறு பைகள் தோன்றுகின்றன. பிறகு அந்த அறை செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்து திறந்துகொள்ளும்போது, அவை மொத்தமாக வெளியே கொட்டப்படுகின்றன. ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை விட்டமுள்ள இவையே எக்ஸோசோம்கள். இரண்டாம் வழியில், செல்லின் வெளிச்சவ்வே மொட்டுவிட்டுப் பிரிகிறது. அவ்வாறு பிரிபவை 100 முதல் 1000 நானோமீட்டர் வரை இருக்கும். இவை தவிர, செல் மடியும்போது சிதறும் பெரிய துண்டுகளும் உண்டு. அளவு எவ்வளவு சிறிது என்பதை உணர வேண்டுமானால், 100 நானோமீட்டர் நுண்பைகளை ஒரு சிவப்பணுவின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் எழுபதுக்கு மேல் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண நுண்ணோக்கியில் இவை தெரியாததற்குக் காரணம் அதுதான். ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பிறகு எது எந்த வழியில் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால், இப்பகுதியில் பெரும்பாலும் நுண்பை என்றே பொதுவாகக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: தொடக்கத்தில் இவற்றைச் செல்லின் கழிவு என்று நினைத்தார்களாமே?

பதில்: நினைத்ததற்கு நல்ல காரணமும் இருந்தது. 1946-இல் சார்காஃப், வெஸ்ட் ஆகிய இருவரும், இரத்த பிளாஸ்மாவை அதிவேகமாகச் சுழற்றினால் அடியில் தங்கும் நுண்துகள்களுக்கு இரத்தத்தை உறையவைக்கும் ஆற்றல் உண்டு என்று கண்டார்கள். 1967-இல் பீட்டர் வுல்ஃப் அவை தட்டணுக்களிலிருந்து வருபவை என்று காட்டி, ‘தட்டணுத் தூசி’ என்றே பெயரிட்டார். 1983-இல் இரண்டு குழுக்கள், ஒன்று செம்மறி ஆட்டின் இளஞ்சிவப்பணுவிலும் மற்றொன்று எலியின் இளஞ்சிவப்பணுவிலும், ஒரே காட்சியைக் கண்டன. முதிராத சிவப்பணு ஹீமோகுளோபினைத் தயாரிக்க இரும்பு தேவைப்படுவதால், அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் நிறைய வைத்திருக்கும். முதிர்ச்சி நெருங்கி அந்தத் தேவை குறைந்ததும், ஏற்பிகளை நுண்பைகளில் அடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் குழுக்களுள் ஒன்றை நடத்திய ரோஸ் ஜான்ஸ்டோன் 1987-இல் எக்ஸோசோம் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வேண்டாததை வெளியேற்றும் வேலையைத்தான் அவர்கள் கண்டார்கள் என்பதால், கழிவு என்ற கருத்து நிலைத்துவிட்டதில் வியப்பில்லை.

அந்தக் கருத்து பின்னர்தான் ஆட்டம் கண்டது. நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் நுண்பைகள் மற்றச் செல்களைத் தூண்டவல்லவை என்று 1996-இல் தெரிந்தது. ஒரு செல்லின் நுண்பையில் சென்ற ஆர்.என்.ஏ.யைக் கொண்டு மற்றொரு செல் புதிய புரதத்தைத் தயாரித்ததை 2007-இல் ஸ்வீடனிலிருந்து ஒரு குழு அறிவித்தது. மறு ஆண்டே, மூளைக் கட்டிச் செல்கள் தங்களிடமுள்ள பிறழ்ந்த வளர்ச்சி ஏற்பியை, அது இல்லாத பக்கத்துச் செல்களுக்கு நுண்பைகள் வழியே கைமாற்றுகின்றன என்ற ஆய்வும் வெளிவந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களின் கவனம் முழுமையாக இப்பக்கம் திரும்பியது அதன் பிறகே.

கேள்வி: கட்டியிலிருந்து கிளம்பிய நுண்பைகள் நோய் பரவப் போகும் உறுப்பை முன்கூட்டியே தயார் செய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். செல்லே போய்ச் சேராத இடத்தில் இது எப்படி நடக்க முடியும்?

பதில்: இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். இரத்தம் எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது. ஆயினும் நோய் கல்லீரலில் அடிக்கடி வேர்கொள்கிறது, மண்ணீரலிலோ அரிதாகவே தோன்றுகிறது. ஆகவே விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் வாதிட்டார். மண் எப்படி ஏற்றதாகிறது என்ற கேள்வி அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக நின்றது. 2005-இல் டேவிட் லைடன் குழுவினர், புற்றுச் செல்கள் வந்து சேர்வதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் அந்த இடத்தில் குடியேறியிருப்பதை எலிகளில் காட்டினார்கள். அந்தச் செல்களை அங்கே அழைத்தது யார் என்பதற்கான விடையின் ஒரு பகுதிதான் நுண்பைகள்.

கணையப் புற்றுநோயையும் கல்லீரலையும் எடுத்துக்கொள்வோம். 2015-இல் வெளியான ஆய்வில் எலிகளில் படிப்படியாகத் தொடர்ந்து பார்க்கப்பட்ட நிகழ்வு இது. கணையக் கட்டியின் நுண்பைகள் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகின்றன. அங்கே நிலையாகத் தங்கி, வருவதையெல்லாம் விழுங்கும் குப்ஃபர் செல்கள் இவற்றையும் விழுங்குகின்றன. நுண்பைக்குள் எம்ஐஎஃப் என்ற புரதம் இருக்கிறது. அதை உட்கொண்ட குப்ஃபர் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன; அது பக்கத்திலுள்ள ஸ்டெல்லேட் செல்களைத் தூண்டுகிறது; அவை ஃபைப்ரோநெக்டின் என்ற நார்ப்புரதத்தைக் குவிக்கின்றன; அந்த நார்ப்புரதம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்களைப் பிடித்து நிறுத்துகிறது. இவ்வளவும் நடந்து முடியும்போது கல்லீரலில் ஒரு புற்றுச் செல்கூட இல்லை. ஆனால் பின்னர் வரும் செல் ஒட்டி வளர்வதற்கான இடம் அமைந்துவிட்டது. நுண்பைகளில் எம்ஐஎஃப் இல்லாதபடி செய்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது என்பதே இந்த ஆய்வின் வலு.

அதே ஆண்டில் அதே ஆய்வுக் குழுவினரிடமிருந்து வந்த மற்றோர் ஆய்வு, நுண்பையின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதங்களே அது எந்த உறுப்பில் தங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதாகக் காட்டியது. ஆல்ஃபா-6 பீட்டா-4, ஆல்ஃபா-6 பீட்டா-1 ஆகியவை உள்ளவை நுரையீரலிலும், ஆல்ஃபா-வி பீட்டா-5 உள்ளவை கல்லீரலிலும் தங்கின. நுரையீரலை நாடும் கட்டியின் நுண்பைகளை எலிகளுக்கு முதலில் செலுத்திவிட்டு, எலும்பை நாடும் புற்றுச் செல்களைப் பின்னர் செலுத்தியபோது, அவை நுரையீரலில் வளர்ந்தன. பேஜட் இருந்திருந்தால் இந்தச் சோதனையைக் கண்டு மகிழ்ந்திருப்பார்.

ஒரு தயக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வகைச் சோதனைகளில் எலிக்கு ஊசி வழியே தரப்படும் நுண்பைகள், ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலிருந்து சேகரித்துச் செறிவாக்கப்பட்டவை. மனித உடலில் ஒரு கட்டி நாள்தோறும் சிறிது சிறிதாக விடுவதும், எலிக்கு ஒரே தடவையில் செலுத்துவதும் ஒன்றல்ல. நிகழ்வு உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. மனிதரில் பரவலுக்கு அது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை இந்த எலிச் சோதனைகளை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது.

கேள்வி: நான் உயிரியல் மாணவி. இவ்வளவு சிறிய பைக்குள் ஒரு செல்லின் போக்கையே மாற்றும் அளவுக்குச் சரக்கு கொள்ளுமா?

பதில்: மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் குறிப்பிட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சராசரியாக ஒரு நுண்பைக்கு ஒரு மூலக்கூறுகூடத் தேறவில்லை. பெரும்பாலான பைகளில் அது இல்லவே இல்லை. ஆகவே, மைக்ரோ ஆர்.என்.ஏ. சென்று சேர்ந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று முடிக்கும் கட்டுரைகளை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.

ஆனால் நுண்பை வேலை செய்வதற்கு உள்ளே இருப்பதைக் கொட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள புரதம் மற்றொரு செல்லின் ஏற்பியைத் தொட்டாலே போதும். புற்றுச் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தங்கள் மேல் காட்டி, தாக்க வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை, அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியைத் தொட்டு, ஓயச் செய்கின்றன என்பது பாடநூலிலேயே வந்துவிட்ட செய்தி. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், செல்கள் அதே புரதத்தை நுண்பைகளின் மேலும் ஒட்டி இரத்தத்தில் விடுகின்றன என்றும், அவை கட்டிக்கு வெகு தொலைவிலேயே டி செல்களை அடக்கவல்லவை என்றும் 2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. பிடி-1 தடுப்பு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த நுண்பைகளின் பிடி-எல்1 அளவு எவ்வளவு உயர்ந்தது என்பது, மருந்து பலித்தவர்களையும் பலிக்காதவர்களையும் ஓரளவு வேறுபடுத்தியது. இங்கே ஒரு பைக்குள் எத்தனை மூலக்கூறு கொள்ளும் என்ற கணக்கைவிட, மொத்தம் எத்தனை பைகள் வெளிவந்தன என்ற கணக்கே முக்கியம். அந்த எண்ணிக்கையோ, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கும்.

கேள்வி: என் தந்தைக்குக் கணையப் புற்றுநோய். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே காலில் இரத்தக் கட்டு ஏற்பட்டது. இதற்கும் நுண்பைகளுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. புற்றுநோயாளிகளுக்கு இரத்தம் எளிதில் உறைகிறது என்பதை 1865-இலேயே பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ பதிவு செய்திருக்கிறார். உறைதலைத் தொடங்கிவைக்கும் ‘திசுக்காரணி’ என்ற புரதமும், உறைதல் வினை நடப்பதற்கு மேடை தரும் பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பும் கட்டியின் நுண்பைகள் மேல் ஒருங்கே அமைந்திருக்கின்றன. கணையப் புற்றுநோயில் இது மிகுதி. படுக்கையில் அதிக நேரம் இருப்பது, சில மருந்துகள், நரம்பில் பொருத்தப்படும் குழாய் ஆகியவையும் காரணங்களில் அடங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மருந்து கேட்காமல் போவதற்கும் இவைதான் காரணமா?

பதில்: காரணங்களுள் ஒன்று, முதன்மையான காரணம் என்று சொல்ல மாட்டேன். ஹெர்2 புரதம் மிகுந்த மார்பகப் புற்றுச் செல்கள் அதே புரதத்தை நுண்பைகளின் மேலும் தாங்கி விடுவதால், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தின் ஒரு பகுதி செல்லை அடைவதற்கு முன்பே அவற்றில் ஒட்டிக்கொள்வதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தையே நுண்பையில் அடைத்துச் செல் வெளியேற்றுவதும் காணப்பட்டுள்ளது. இருந்தாலும், மருந்து பலனிழக்கும்போது மருத்துவர் முதலில் தேடுவது மரபணுவில் நேர்ந்த புதிய மாற்றங்களைத்தான். தேட வேண்டியதும் அவற்றைத்தான்.

கேள்வி: ஒரு துளி இரத்தத்தில் எக்ஸோசோம்களைப் பார்த்தே எல்லாப் புற்றுநோயையும் தொடக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படிப்பட்ட பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: எண்ணம் நல்லது, இன்றைய நிலை அந்தக் காணொளி சொல்வது போல் இல்லை. கொழுப்புப் படலத்துக்குள் இருப்பதால் ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கப்படுகிறது என்பதும், உயிரோடிருக்கும் செல்களே இவற்றை விடுகின்றன என்பதும், திசுவை வெட்டி எடுக்காமல் திரும்பத் திரும்பச் சோதிக்க முடியும் என்பதும் உண்மையான நன்மைகள். சிக்கல் என்னவென்றால், இரத்தத்திலுள்ள நுண்பைகளில் பெரும்பாலானவை தட்டணுக்களும் இரத்தச் செல்களும் விட்டவை. தொடக்க நிலையில் உள்ள ஒரு சிறு கட்டியின் பங்கு அவற்றுக்கிடையே மிக அற்பம். போதாக்குறைக்கு, கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் லிப்போபுரோட்டீன்களில் சில அளவிலும் சில அடர்த்தியிலும் நுண்பைகளை ஒத்திருக்கின்றன. எண்ணிக்கையில் அவை பன்மடங்கு அதிகம். புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றி அடியில் தங்கவைத்தாலும், அந்தப் படிவில் நுண்பை மட்டும் இருக்காது. இரத்தம் எடுத்த குழாயை எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்பதுகூட முடிவை மாற்றும், ஏனெனில் குழாய்க்குள்ளேயே தட்டணுக்கள் புதிய நுண்பைகளை விட்டுக்கொண்டிருக்கும். இதனால்தான் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம், ஆய்வுகளில் குறைந்தது எவற்றையெல்லாம் காட்ட வேண்டும் என்று 2014-இல் நெறிமுறைகளை வகுத்து, பின்னர் அவற்றைத் திருத்தியும் வருகிறது.

2015-இல் நடந்ததைச் சொல்கிறேன். கிளைப்பிக்கன்-1 என்ற புரதத்தைத் தாங்கிய நுண்பைகளைக் கொண்டு, கணையப் புற்றுநோயாளிகளை ஒருவர்கூடத் தவறாமல் பிரித்தறிய முடிந்தது என்று ஒரு புகழ்பெற்ற இதழில் கட்டுரை வந்தது. உலகச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அடுத்த சில ஆண்டுகளில் மற்றக் குழுக்களின் ஆய்வுகளில் அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை.

மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்துள்ள ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2016 முதல் அமெரிக்காவில் கிடைக்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, நுண்பைகளிலுள்ள மூன்று ஆர்.என்.ஏ.க்களை அளக்கிறது. 50 வயதைக் கடந்து, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவு 2 முதல் 10 வரை என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ள ஆண்களுக்கு, புரோஸ்டேட் சுரப்பியில் பயாப்சி செய்வது இப்போது தேவையா, தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. கேட்கப்படும் கேள்வி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். அதனால்தான் அதற்குப் பயனுள்ள விடை கிடைக்கிறது.

நோயின் அறிகுறியே இல்லாதவர் ‘எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே சோதனை’ செய்துகொள்வதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருப்பதாகவும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சோதனை சரியாக விடுவிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போதும் நோயே இல்லாத ஏறத்தாழ 50 பேருக்கு ‘புற்றுநோய் இருக்கலாம்’ என்று அறிக்கை வரும். ஸ்கேன், பயாப்சி, தூக்கமற்ற இரவுகள் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. உங்கள் வயதுக்குப் பரிந்துரைக்கப்படும் மார்பக, கருப்பைவாய், பெருங்குடல் சோதனைகளை விட்டுவிட்டு இதன் பின்னால் போக வேண்டாம்.

கேள்வி: நுண்பைகள் செல்லுக்குச் செல் தாவுமென்றால், நோயாளியின் இரத்தம், எச்சில் வழியாக வீட்டாருக்கும் புற்றுநோய் வருமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: வராது, தாராளமாக அருகில் இருங்கள், ஒரே தட்டில் உண்ணுங்கள். நுண்பை பெருகாது, இரத்தத்தில் செலுத்தப்பட்ட நுண்பைகளில் பெரும்பகுதியை எலிகளின் கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிடங்களிலேயே அகற்றிவிடுகின்றன. இரத்தமாற்றத்தின் வழியாகக்கூட இத்தகைய ஆபத்து தென்படவில்லை: அறியாமல் மறைந்திருந்த புற்றுநோயோடு இரத்ததானம் செய்தவர்களின் இரத்தத்தைப் பெற்றவர்களை டென்மார்க், ஸ்வீடன் பதிவேடுகளில் தேடி ஆராய்ந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை என்றே தெரிந்தது.

கேள்வி: இவற்றை வடிகட்டி எடுத்துவிடலாமே? அல்லது இவற்றையே மருந்தாக்கலாமா?

பதில்: இரண்டையும் முயன்று வருகிறார்கள். தடுப்பதில் உள்ள இடர், நல்ல செல்களும் இதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன என்பதே. நோய் எதிர்ப்பும் காயத்தில் இரத்தம் உறைவதும் ஓரளவு இவற்றைச் சார்ந்தவை. கட்டியின் நுண்பைகளை மட்டும் பொறுக்கி நீக்கும் வழி மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்துவிடவில்லை.

மருந்தாக்கும் முயற்சியில், டி செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களின் நுண்பைகளைத் தடுப்பூசி போலத் தரும் சோதனை பிரான்சில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 22 பேரிடம் நடந்து, 2016-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்காவது நான்கு மாதம் நோய் முற்றாமல் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மூன்றில் ஒரு பங்கினருக்கே அது வாய்த்தது. மறுபுறம், கணையப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் கே-ராஸ் மரபணு மாற்றத்தை அடக்கும் ஆர்.என்.ஏ.வை நுண்பைகளில் ஏற்றிக் கொடுத்தபோது எலிகளின் ஆயுள் நீண்டது என்று 2017-இல் அறிவித்த ஆய்வு, மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைவரை சென்றிருக்கிறது. நான் எதிர்பார்ப்போடு கவனித்து வருவது இதைத்தான்.

கேள்வி: அப்படியானால், புற்றுநோய்க்கு ‘எக்ஸோசோம் ஊசி’ போடுவதாக விளம்பரம் செய்பவர்களை நம்பலாமா?

பதில்: கூடாது. அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவுமே இல்லை என்றும், அனுமதியில்லாத தயாரிப்புகளைச் செலுத்திக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்துள்ளன என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விடுத்தது. புற்றுநோயாளிக்குக் கூடுதல் கவலையும் உண்டு: இவ்விளம்பரங்களில் வருபவை பெரும்பாலும் குருத்தணுக்களின் நுண்பைகள், அவ்வகை நுண்பைகள் கட்டியை ஒடுக்கியதாகச் சில ஆய்வுகளும், வளர உதவியதாக வேறு சில ஆய்வுகளும் உள்ளன. முறையான மருத்துவச் சோதனை என்று யாரேனும் அழைத்தால், அதன் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.